1862 லண்டன், 1883-84 கல்கத்தா, 1886 லண்டன் கண்காட்சிப் பதக்கங்கள்: விளிம்புப் பெயர், பச்சைப் புள்ளி, லூப் பற்றிச் சில கேள்விகள்

செப்புக்காசு:

வணக்கம். நாணயம் சேர்க்கிறவன், கண்காட்சிப் பதக்கங்கள் பக்கம் இப்போதுதான் வருகிறேன். ஒரே லாட்டில் நான்கு உருப்படி கிடைத்திருக்கிறது.

அ) 1862 லண்டன் சர்வதேசக் கண்காட்சி. வெண்கலம், 77 மி.மீ., சாக்லேட் பழுப்பு. முன்பக்கம் பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் உருவம்), பக்கத்தில் சிங்கம், சுற்றிலும் பெண் உருவங்கள். பின்பக்கம் இலை மாலைக்குள் ‘1862 லோண்டினி ஹோனோரிஸ் காசா’ என்ற லத்தீன் எழுத்து. விளிம்பில் ஒரு பெயரும் வகுப்பு எண்ணும் உண்டு. விளிம்பை ஒட்டிக் கடுகு அளவில் வெளிர் பச்சைப் புள்ளி ஒன்று.

ஆ) 1886 காலனி–இந்தியக் கண்காட்சி, லண்டன். வெண்கலம், 52 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. வேல்ஸ் இளவரசர் தலை. தோல் பெட்டியோடு இருக்கிறது. விளிம்பு வெறுமை.

இ) 1851 லண்டன் கண்காட்சியின் படிக மாளிகைக் கட்டடம் போட்ட ஒயிட் மெட்டல் (வெள்ளீயக் கலவை) பதக்கம். மேலே துளை போட்டிருக்கிறார்கள். பள்ளங்களில் சாம்பல் வெள்ளையாகப் பொடி.

ஈ) 1883-84 கல்கத்தா சர்வதேசக் கண்காட்சி, வெள்ளி என்று சொல்லி விற்றது. மேலே லூப் (மாட்டித் தொங்கவிடும் வளையம்) பற்ற வைத்திருக்கிறது. விளிம்பில் கையால் வெட்டிய பெயர்.

கேள்விகள்: இவற்றில் எது போட்டியில் வென்ற பரிசு, எது வெறும் நினைவுப் பொருள்? விளிம்புப் பெயர் அந்தக் காலத்தையதா என்று எப்படி உறுதி செய்வது? பச்சைப் புள்ளியையும் வெள்ளைப் பொடியையும் என்ன செய்ய? லூப்பை எடுத்துவிடலாமா? இன்னும் எதையும் துடைக்கவில்லை.

---

விளிம்பெழுத்து:

துடைக்காமல் கேட்டதற்கு முதலில் நன்றி. இந்தத் துறையில் நாணயப் பழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டும்: நாணயத்தில் விளிம்பைக் கடைசியாகப் பார்ப்போம், பதக்கத்தில் விளிம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் அடித்தவை. யாருக்கு, எந்தப் பிரிவில் என்று சொல்வது விளிம்பு மட்டும்தான்.

கண்காட்சிப் பதக்கங்களை மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவர் குழு தேர்ந்து கொடுத்த பரிசு ஒன்று. பங்கேற்றவர், பணியாற்றியவர் எல்லோருக்கும் கொடுத்த அதிகாரபூர்வ நினைவுப் பதக்கம் இரண்டு. பர்மிங்ஹாம் போன்ற இடத்துத் தனியார் பட்டறைகள் அடித்துப் பார்வையாளர்களுக்கு விற்றது மூன்று. விற்பவர்கள் மூன்றையும் ‘பரிசுப் பதக்கம்’ என்றே எழுதுவார்கள், அதை நம்பி விலை பேசக்கூடாது.

1851ஐ எடுத்துக்கொண்டால் அதிகாரபூர்வமானவை அளவிலேயே பிரிந்துவிடும். கவுன்சில் பதக்கம் 89 மி.மீ., பரிசுப் பதக்கம் 77, நடுவர் பதக்கம் 64, பங்கேற்பாளர் பதக்கம் 45. எல்லாம் வெண்கலம். முன்பக்கத் தலைகள் வில்லியம் வயன் வெட்டியவை. கவுன்சில் பதக்கம் 200க்கும் குறைவு, பரிசுப் பதக்கம் 2,900ஐத் தாண்டும். உங்கள் (இ) இந்த வரிசையில் எங்கும் வராது. கட்டடத்தை ஒரு முகத்தில் போட்டு, மறுமுகத்தில் நீளம், அகலம், செலவு என்று புள்ளிவிவரம் அடுக்கிய ஒயிட் மெட்டல் வகைகளை ஆலன் அண்ட் மூர் போன்ற பர்மிங்ஹாம் பட்டறைகள் நிறைய அடித்தன. தரைக்கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் பட்டறைப் பெயர் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

(அ) அசல் பரிசுப் பதக்கம். டேனியல் மக்லீஸ் வரைந்து லெனார்ட் வயன் வெட்டியது. 1862இல் ஒரே தரம்தான், தங்கம்–வெள்ளி என்ற படிநிலை கிடையாது. பெயரும் வகுப்பும் விளிம்பில் இருப்பதே முறை. இங்கே ஒரு எளிய சோதனை உண்டு: 1851இல் பொருட்களை 30 வகுப்புகளாகப் பிரித்தார்கள், 1862இல் தொழில் பிரிவுகளுக்கு 36 வகுப்புகள், அதற்கு மேல் 40 வரை நுண்கலை. 1851 பதக்கத்தில் 34ஆம் வகுப்பு என்று வெட்டியிருந்தால் யாரோ பின்னாளில் வெட்டியது. உங்கள் எண்ணையும் பொருளையும் பொருத்திப் பாருங்கள்.

(ஆ) இரண்டாவது குடும்பம். லெனார்ட் வயன் கைவேலைதான், ஆனால் போட்டிப் பரிசு அல்ல, நினைவுப் பதக்கம். ஆகவே விளிம்பு வெறுமையாக இருப்பது குறையே இல்லை. அந்த வெறும் விளிம்பில் பளிச்சென்று ஒரு ஜமீன்தார் பெயர் வெட்டி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். 4 மே 1886இல் திறந்து நவம்பர் 10 வரை சவுத் கென்சிங்டனில் நடந்த கண்காட்சி அது. பார்வையாளர் 55 லட்சம் அளவில், அதனால் பதக்கமும் அரிதல்ல. இங்கே பெட்டிதான் விலையைத் தூக்கும்.

பெயரைச் சோதிக்கும் விதம். 10 மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் தாழ்ந்த வெளிச்சம். எழுத்துப் பள்ளத்தின் அடியில் சுற்றுப்புறத்தில் உள்ள அதே பழுப்பு படர்ந்திருக்க வேண்டும். அடியில் செம்பு மினுங்கினால், பழுப்பு ஏறிய பிறகு வெட்டியது. உளியால் வெட்டியதில் கோட்டின் கரையில் மெல்லிய மேடு எழும். நூறு வருடம் கைபட்டிருந்தால் அந்த மேடு மழுங்கியிருக்கும், விரல் நகத்தில் தட்டினால் புதுசு. பழைய பெயரை அரம் வைத்து அழித்துவிட்டு வேறு பெயர் போட்டிருந்தால், வெர்னியரால் நான்கு திசையில் விட்டத்தை அளந்தாலே தெரியும். அடித்த பதக்கம் எல்லாத் திசையிலும் 0.1 மி.மீ.க்குள் ஒத்துப்போகும். பெயர் இருக்கும் திசையில் மட்டும் 0.3, 0.4 குறைந்தால் அங்கே அரம் வேலை செய்திருக்கிறது.

வார்ப்பு நகலையும் விட்டமே காட்டிக்கொடுக்கும். அசலை வைத்து அச்செடுத்துச் செப்புக் கலவை ஊற்றினால் ஆறும்போது ஒன்றரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும். 77 மி.மீ. பதக்கம் 76க்குக் கீழே வந்துவிடும். கூடவே எழுத்தின் அடிவாரம் கூர்மையாக நிற்காமல் வழிந்தாற்போல இருக்கும், எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

---

உப்புக்காற்று:

பச்சைக்கும் பொடிக்கும் வருகிறேன். இரண்டும் வேறு வேறு நோய், வைத்தியமும் வேறு.

(அ)வின் பழுப்பு நிறம் காலத்தால் வந்ததல்ல. அச்சடித்த பிறகு பட்டறையிலேயே ரசாயனத்தால் ஏற்றிய நிறம். ஒருமுறை போனால் திரும்ப வராது. புளி, எலுமிச்சை, பிராசோ எதைத் தொட்டாலும் இளஞ்சிவப்புச் செம்பு வெளியே வந்துவிடும், அதற்கப்புறம் அது பழைய பதக்கமாகத் தெரியாது. நம் வீடுகளில் வெள்ளிக்கு விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். பதக்கத்துக்கு அதுவும் வேண்டாம். ராணியின் கூந்தல், புருவம் போன்ற மேடுகளில் சாம்பல் துகள் போட்ட கீறல்கள் ஒரே திசையில் ஓடும், பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

பச்சை என்ன வகை என்று முதலில் பிரியுங்கள். ஒட்டும் பசையாக, கரும்பச்சையாக இருந்தால் பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது. சுத்தமான அசிட்டோனில் நனைத்த பஞ்சை உருட்டி எடுத்தால் (தேய்க்காமல்) போய்விடும். மேலே யாராவது பழைய வார்னிஷ் பூசியிருந்தால் அதுவும் சேர்ந்து கரையும், அதனால் விளிம்பில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாமல் செய்யுங்கள்.

வெளிர் பச்சையாக, பொடியாக, குச்சியால் தொட்டால் உதிர்ந்து கீழே குழி தெரிந்தால் அது வெண்கல நோய். செம்புக்குள் புகுந்த குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டவுடன் பச்சைப் பொடியாக மாறும். மாறும்போது அமிலம் வெளியாகும், அந்த அமிலம் அடுத்த செம்பைத் தின்னும். ஈரப்பதம் 42–46 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை நிற்காது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் வருடம் முழுக்க அதற்கு மேல்தான். கைவியர்வை உப்பே ஆரம்பிக்கப் போதும். உங்கள் புள்ளி விளிம்பை ஒட்டி, விரல் பிடிக்கும் இடத்தில் இருப்பது தற்செயலாக இருக்காது.

உறுதி செய்ய: பொடியைக் கூரான மூங்கில் குச்சியால், லென்ஸ் வழியே பார்த்தபடி, சுத்தமாக எடுத்துவிடுங்கள். பதக்கத்தை மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சுக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு நாள் வையுங்கள். குழியில் புதுப்பச்சை பூத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. பூத்ததை மறுபடி எடுத்துவிட்டு, காய்ந்த சிலிகா ஜெல்லோடு காற்றுப்புகா டப்பாவில் அடைத்துவிடுங்கள். உலர்வே பாதி வைத்தியம். சோடியம் செஸ்குவிகார்பனேட் ஊறல் என்று இணையத்தில் எழுதுவார்கள். மண்ணிலிருந்து எடுத்த செப்புக் காசுக்கு அது சரி. நிறமேற்றிய பதக்கத்தில் நிறத்தையும் சேர்த்துக் கழற்றிவிடும். பென்சோட்ரையசோல் (செம்பின் அரிப்பைத் தடுக்கும் ரசாயனம்) 3 சதவீதம் ஆல்கஹாலில் கரைத்துப் போடுவது அருங்காட்சியக முறை. நச்சுத்தன்மை உண்டு, உங்கள் (அ) மாதிரிப் பெயர் பொறித்த பதக்கத்துக்குப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் கொடுப்பதே நல்லது.

(இ)க்கு வருவோம். சாம்பல் பொடியைப் பார்த்ததும் ‘டின் பெஸ்ட்’ என்று பெயர் வைப்பவர்கள் நிறைய. வெள்ளீயம் உருமாறி உதிர்வது 13 டிகிரிக்குக் கீழே நடப்பது. தமிழ்நாட்டுச் சமவெளியில் அலமாரிக்குள் அந்தக் குளிர் ஏது? உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஈயம் கலந்த கலவையின் அரிப்பு. புது மரப்பெட்டி, அட்டைப்பெட்டி, பசை இவற்றிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி விஷம். கையுறை போட்டு, ஊதாமல், மென்மையான தூரிகையால் ஈரக் காகிதத்தின் மேல் தட்டி எடுத்துக் காகிதத்தோடு எறிந்துவிடுங்கள். பிறகு அதை மரத்திலும் அட்டையிலும் வைக்காதீர்கள். தண்ணீரில் கழுவுவதும் வேண்டாம்.

சேமிப்பு: பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை. சந்தேகமான உறையைச் சோதிக்க, செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உறையின் மூலையில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி. சிலிகா ஜெல் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 20 கிராம், அதாவது 5 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம். நிறம் மாறியதும் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் மறுபடி உயிர் வரும். வெள்ளிப் பதக்கத்தின் பக்கத்தில் ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள் எதுவும் வேண்டாம். கந்தகம் கருப்புக் கோடு போட்டுவிடும்.

(ஆ)வின் தோல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் பதக்கத்தை அதற்குள்ளும் வைக்காதீர்கள். தோலும் வெல்வெட் அடிப் பசையும் அமிலம் விடும். பெட்டி தனி உறை, பதக்கம் தனி உறை, இரண்டிலும் ஒரே எண் எழுதிய சீட்டு.

---

தராசு:

(ஈ)க்கு அடர்த்தி பார்க்காமல் பேசுவதில் பயனில்லை. 0.01 கிராம் காட்டும் தராசு போதும்.

உலர்வாக எடை எடுத்துக் குறியுங்கள். தராசின் மேல் பாதி அளவு காய்ச்சி வடித்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தை மெல்லிய நைலான் இழையில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலும் சுவரிலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்தான் கன அளவு. உலர் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. உதாரணமாக உலர் எடை 62.40, தொங்கல் எண் 7.05 என்றால் 8.85. வெண்கலம்.

செம்பு 8.96, வெள்ளி 92.5 சதவீதம் 10.36, ரூபாய்த் தரமான 91.7 சதவீதமும் கிட்டத்தட்ட அதேதான். வெள்ளீயக் கலவை 7.3 அக்கம்பக்கம், ஈயம் 11.34, அலுமினியம் 2.7. தவறு நடக்கும் இடம் இரண்டு: பதக்கம் அடியில் தொட்டால் தொங்கல் எண் எகிறி அடர்த்தி குறைந்து தெரியும். எழுத்துகளுக்கிடையில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் குறையும்; மூழ்கியதும் இழையை மெல்லத் தட்டிக் குமிழியை எழுப்பிவிடுங்கள். முடிந்ததும் ஒற்றி எடுத்து மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காய வையுங்கள். (அ)வையும் (இ)வையும் இந்தச் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம், ஒன்றில் பச்சைப் புள்ளி, மற்றதில் பொடி.

77 மி.மீ., 89 மி.மீ. போன்ற பெரிய பதக்கங்களில் மின்முலாம் நகல் என்று ஒன்று வரும். முன்முகம் பின்முகம் இரண்டையும் தனித்தனிச் செப்புத் தகடாக வளர்த்து, நடுவில் ஈயம் ஊற்றி ஒட்டியது. இது சுருங்காது, எழுத்தும் கூர்மையாக நிற்கும், அதனால் விட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றிவிடும். விளிம்பின் நடுவில் மயிரிழைக் கோடு சுற்றி ஓடுகிறதா பாருங்கள். விரல் நுனியில் தாங்கி மரக்குச்சியால் தட்டினால் அசல் ஒலிக்கும், இது மொத்தென்று அடங்கும். அடர்த்தி 9.5ஐத் தாண்டினால் உள்ளே ஈயம் இருப்பது நிச்சயம். இவற்றில் சில அக்காலத்திலேயே காட்சிக்காகச் செய்தவை, மோசடிக்காக அல்ல. அப்படிச் சொல்லி விற்றால் வாங்கலாம்.

லூப்பைத் தொடாதீர்கள். எடுக்கச் சூடு வேண்டும், சூடு பட்டால் வெள்ளியின் மேல்தோல் போய்விடும், பற்றாசு தடம் மட்டும் மிச்சமாகும். லூப்போடு இருந்தால் ‘அணிந்தது’, எடுத்தால் ‘சேதமானது’. மாறாக அந்த லூப் உங்களுக்கு ஒரு சாட்சி. பெயர் மேல் விளிம்பு வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பற்றாசு ஏதாவது எழுத்தின் மேல் வழிந்து பள்ளத்தை நிரப்பியிருந்தால், பெயர் முதலில் வெட்டியது, லூப் பிறகு வந்தது. உளிக்கோடு பற்றாசையும் சேர்த்துக் கிழித்துப் போயிருந்தால் வரிசை தலைகீழ்.

---

செப்புக்காசு:

அனைவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். (அ) நான்கு திசையிலும் 76.9 முதல் 77.0. வகுப்பு எண் 4. பெயருக்கு உரியவர் எண்ணெய் வித்துகள் அனுப்பியவர் என்று கூட வந்த துண்டுச் சீட்டில் இருக்கிறது. எழுத்துப் பள்ளத்தில் அதே பழுப்பு.

(ஈ) உலர் எடை 46.62, தொங்கல் 4.50. அடர்த்தி 10.36. லூப்பின் இடது காலடியில் பற்றாசு வழிந்து பெயரின் கடைசி எழுத்தில் பாதியை மூடியிருக்கிறது. எழுத்தின் மூடாத பாதியில் அடி பளபளவென்று இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது.

இன்னொன்று: இந்தியாவோடு நிறுத்தாமல் பாரிஸ், சிகாகோ பதக்கங்களுக்கும் போகலாமா? புதுச்சேரிப் பக்கம் 1931 பாரிஸ் காலனிக் கண்காட்சிப் பதக்கம் அடிக்கடி கண்ணில் படுகிறது.

---

விளிம்பெழுத்து:

(அ) பற்றி இனி எனக்குச் சந்தேகம் இல்லை. வகுப்புக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தை மட்டும் நடுவர் அறிக்கையில் பார்த்துவிடுங்கள். 1862 விருதுப் பட்டியல் வகுப்புவாரியாக அச்சில் வந்தது, ஸ்கேன் இணையத்தில் கிடைக்கும். இந்தியப் பிரிவைத் தொகுத்தவர் ஃபோர்ப்ஸ் வாட்சன், அவர் பட்டியலில் அனுப்பியவர் பெயரும் ஊரும் இருக்கும். ஊர்ப்பெயர் எழுத்துக்கூட்டல் ஏடாகூடமாக இருக்கும், ஓசையை வைத்துத் தேடுங்கள்.

(ஈ)யில் பள்ளம் பளபளப்பது வெள்ளியில் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. யாரோ வெள்ளியை வெளுக்கும் டிப் திரவத்தில் முக்கியிருந்தால் மேடு, பள்ளம் எல்லாமே வெளுத்துவிடும். வெற்றிடத்தையும் பாருங்கள்: அதுவும் ஒரே வெளுப்பா, சாம்பல் சாயல் இல்லாமல்? அப்படியானால் டிப். பற்றாசுக்கு அடியில் எழுத்து இருப்பதே வலுவான சான்று, லூப்பும் பழையது என்றால் பெயரும் பழையது. லூப்பின் உட்புறம் தொங்கித் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறதா பாருங்கள். அப்படித் தேய நீண்ட காலம் ஆகும்.

கல்கத்தா கண்காட்சி 4 டிசம்பர் 1883 முதல் 10 மார்ச் 1884 வரை. தங்கம், வெள்ளி, வெண்கலம் எனப் பரிசுகள் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். அதிகாரபூர்வ அறிக்கை 1885இல் வங்காளச் செயலக அச்சகத்தில் இரண்டு தொகுதிகளாக வந்தது. அதில் பெயர் இருந்து, அதற்கு நேரே ‘வெள்ளி’ என்றும் இருந்தால் வேலை முடிந்தது. பெயர் இருந்து ‘வெண்கலம்’ என்று இருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும்.

---

வெள்ளைநகரம்:

பாரிஸ் பக்கம் தாராளமாக வரலாம். விளிம்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு பிரெஞ்சுப் பதக்கம் எளிது. பாரிஸ் நாணயச்சாலை விளிம்பில் உலோகத்தின் பெயரையும் ஒரு சின்னத்தையும் குத்தும், சின்னம் காலத்துக்குக் காலம் மாறும். 1845 முதல் 1860 வரை சுட்டும் கை. 1860 முதல் 1879 வரை தேனீ. 1880 முதல் பழம் வழியும் கொம்பு. இந்த மூன்றும் மனப்பாடமாக இருந்தால் போதும். 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிப் பதக்கத்தில் கை இருக்க வேண்டும். கொம்பு இருந்தால் அதே அச்சில் 1880க்குப் பிறகு மறுபடி அடித்தது. 1867க்குத் தேனீ. பிற்கால மறு அச்சுகள் சிலவற்றில் அடித்த ஆண்டையே விளிம்பில் போட்டிருப்பார்கள், அது நேர்மையான அடையாளம். மறு அச்சு பொய்ப் பொருள் அல்ல, ஆனால் அசல் விலைக்கு வாங்கக்கூடாது.

சின்னத்தைத் தேடும்போது முழு விளிம்பையும் சுற்றிப் பாருங்கள். 2 மி.மீ. உயரம்கூட இருக்காது, அழுக்கு அடைந்திருந்தால் கீறல் போலத்தான் தெரியும். சின்னமும் இல்லை, உலோகப் பெயரும் இல்லை என்றால் தனியார் பட்டறை, அல்லது வார்ப்பு.

1931 கண்காட்சி மே 6இல் வின்சென் பூங்காவில் திறந்தது, பிரெஞ்சிந்தியாவுக்கும் அங்கே அரங்கு இருந்தது. அதனால் புதுச்சேரிக்கு அந்தப் பதக்கங்கள் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. பெயர்க்கட்டத்தில் பெயர் நிரப்பியது ஒரு வகை, கட்டம் காலியாகவே இருப்பது இன்னொரு வகை. காலிக் கட்டத்தில் இப்போது பெயர் வெட்டுவது மிக எளிது, ஆகவே பெயர் இருந்தால் நண்பர் சொன்ன லென்ஸ் சோதனை கட்டாயம். மார்செய் 1906, 1922, ஹனோய் 1902-03 ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

அமெரிக்காவுக்குப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1893 சிகாகோ விருதுப் பதக்கம் எல்லாருக்கும் வெண்கலம், 76 மி.மீ., முன்பக்கம் செயின்ட் கோடன்ஸ், பின்பக்கம் பார்பர் வடிவமைத்தது. பெறுபவர் பெயரை அச்சிலேயே மாற்றும் துண்டு வைத்து அடித்ததால் எழுத்து புடைத்து நிற்கும். குழிந்து வெட்டிய பெயர் என்றால் அதிகாரபூர்வமானது அல்ல. ரவி வர்மாவுக்கு சிகாகோவில் தங்கப் பதக்கம் என்று எழுதுகிறவர்கள் இந்த உலோக விஷயத்தைக் கவனிப்பதில்லை. 1904 செயின்ட் லூயிஸில் இன்னும் குழப்பம்: பதக்கத்தின் மேலேயே ‘கோல்ட் மெடல்’ என்று இருக்கும், உலோகம் வெண்கலம். அதைத் தங்கமுலாம் போட்டுத் ‘தங்கம்’ என்று விற்பார்கள். அடர்த்தி 9க்குக் கீழே நின்றால் பேச்சு முடிந்தது.

---

தென்திசை:

வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் மெட்ராஸ் பக்கம் ஒரு கண் வையுங்கள் என்பேன். 1855இலும் 1857இலும் மெட்ராஸில் பெரிய கண்காட்சிகள் நடந்தன. 1855 கண்காட்சி, இப்போது ராஜாஜி மண்டபம் என்று சொல்லும் பழைய விருந்து மண்டபத்தில். அருங்காட்சியகத்தை நடத்திய எட்வர்ட் பால்ஃபரும், ஓவியப் பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரும் இந்த வேலைகளில் முன்னால் நின்றவர்கள். இந்தப் பதக்கங்கள் லண்டன் பதக்கங்களைப் போல ஏராளமாக வருவதில்லை, வந்தாலும் விற்பவருக்கே அடையாளம் தெரியாமல் ‘பழைய மெடல்’ என்று பித்தளைச் சாமான்களோடு கிடக்கும். காங்கிரஸ் மாநாடுகளோடு சேர்த்து நடத்திய தொழிற்கண்காட்சிகள் இன்னொரு நல்ல வரிசை: 1901 கல்கத்தா, 1902 அகமதாபாத், 1903 மெட்ராஸ், 1904 பம்பாய், 1905 காசி. காலனி அரசு நடத்தியதையும் சுதேசிகள் நடத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்தக் காலம் முழுசாகப் புரியும். 1910-11 அலகாபாத் கண்காட்சியை விமானத் தபால் சேர்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள், 18 பிப்ரவரி 1911இல் பிரெஞ்சு விமானி பெக்கே தபாலோடு பறந்தது அங்கிருந்துதான். அதன் பதக்கங்களுக்குத் தபால்தலை சேர்ப்பவர்களும் போட்டிக்கு வருவார்கள்.

உள்ளூர்ப் பதக்கங்களில் நகைக்கடைக்காரர்கள் அடித்துக் கையால் பெயர் வெட்டியவை அதிகம். ஆகவே கைவெட்டு எழுத்தைப் பார்த்ததும் போலி என்று ஒதுக்காதீர்கள். பெட்டி மூடியின் உட்பட்டில் கடைப்பெயர் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். பதக்கம், பெட்டி, சான்றிதழ் மூன்றும் சேர்ந்து வந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

ஏலப் பட்டியல்களில் ‘பட்.’ என்று ஒரு எண் வரும், பட்டிஸ்டரின் பிரிட்டிஷ் இந்தியப் பதக்கப் பட்டியல் எண் அது. முதல் மூன்று இலக்கம் ஆண்டின் கடைசி மூன்று இலக்கம். 877 என்று தொடங்கினால் 1877. அந்த எண்ணை உங்கள் சீட்டிலும் எழுதுங்கள். சீட்டில் எடை, நான்கு திசை விட்டம், அடர்த்தி, விளிம்பு வாசகம் எழுத்துக்கு எழுத்து, எந்தக் கையிலிருந்து வந்தது எல்லாம் இருக்கட்டும். விளிம்பைப் படமெடுக்கும்போது பதக்கத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசி எழுத்து வரும்படி எடுங்கள். ஸ்கேனர் விளிம்பையும் காட்டாது, புடைப்பையும் தட்டையாக்கிவிடும்.

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த நாணயமும் கைவினைப் பொருளும் தொல்பொருள். உங்கள் நான்குமே அதற்குள் வரும். 1924 லண்டன் வெம்ப்லி கண்காட்சிப் பதக்கம்கூட இப்போது நூறைக் கடந்துவிட்டது. தனியாள் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பனைக்கு மட்டுமல்ல, தரம் போட அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பி வாங்குவதும் ஏற்றுமதிதான். தொழிலாக வாங்கி விற்பதென்றால் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். வெளிநாட்டு ஏலத்தில் வாங்கினால் சுங்கத்தில் உள்ளபடி சொல்லித் தீர்வை கட்டி, அந்தச் சுங்க ரசீதைப் பதக்கச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று பின்னால் யார் கேட்டாலும் அந்தத் தாள்தான் பேசும்.

---

உப்புக்காற்று:

ஒரு சேர்க்கை. மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு பூசலாமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். (ஆ)வுக்குச் சரி: மிக மெல்லிய பூச்சு, பஞ்சுத் துணியால், காய்ந்ததும் மெல்ல ஒற்றித் துடைப்பு. (அ)வுக்கு இப்போது கூடாது. பச்சை உயிரோடு இருக்கும்போது மேலே மெழுகு போட்டால் ஈரத்தையும் குளோரைடையும் உள்ளே வைத்துப் பூட்டினமாதிரி. உள்ளே தின்றுகொண்டே போகும், வெளியே தெரியாது. சிலிகா டப்பாவில் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்து, ஐப்பசி கார்த்திகை தாண்டியும் குழி சுத்தமாக இருந்தால் அப்புறம் பூசுங்கள். (ஈ)க்கு மெழுகே வேண்டாம், பாலியெஸ்டர் உறை போதும்.